கையை அடக்கத் தெரிய வேண்டும்: முதலுதவி பற்றி வாசகர் கேள்வி பதில்

முதலுதவி பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, முதலுதவிப் பயிற்சி அளிக்கும் எங்கள் குழு இங்கே பதில் தருகிறது. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ரத்தத்தைப் பார்த்தாலே எனக்குக் கண் இருட்டும். தோழிகள் முதலுதவிப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கிறார்கள். எனக்கு இது சரிப்படுமா? நல்ல முதலுதவியாளருக்கு என்ன தகுதி வேண்டும்?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

தாராளமாகச் சேரலாம். ரத்தத்தைப் பார்த்ததும் கண் இருட்டுவதற்குக் காரணம் அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதுதான். தலை கிறுகிறுக்கத் தொடங்கியதும் தொடை, வயிறு, கை தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கிப் பிடித்து, பிறகு தளர்த்துங்கள். இப்படி நாலைந்து முறை செய்தால் அழுத்தம் மீளும். அப்படியும் முடியவில்லை என்றால் குந்தி உட்கார்ந்துவிடுங்கள். மற்றபடி பலசாலி என்பதோ துணிச்சல்காரர் என்பதோ பெரிய தகுதி இல்லை. விபத்து நடந்த இடங்களில் கெடுதல் பெரும்பாலும் நல்ல மனசுக்காரர்களின் அவசரக் கையால்தான் வருகிறது. கீழே கிடப்பவரைத் தூக்கி உட்கார வைப்பார்கள், வாயில் சோடா ஊற்றுவார்கள், ஆட்டோவில் மடித்துத் திணிப்பார்கள். எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்து கையை அடக்குபவரைத்தான் நாங்கள் நல்ல முதலுதவியாளர் என்போம்.

செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஐந்தாறு விநாடி நின்று சுற்றிலும் பாருங்கள். அறுந்த மின்கம்பி, சிந்திய பெட்ரோல், வளைவில் வேகமாக வரும் வண்டி, அடுத்த அலை, இவற்றில் ஏதாவது உங்களையும் சாய்த்துவிட்டால் ஆம்புலன்ஸுக்கு ஒரு ஆள் கூடுதல், அவ்வளவுதான். அடுத்து தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் நெற்றியில் ஒரு கை வைத்துத் தாடையை மேலே தூக்கி, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று 10 விநாடிக்கு மேல் போகாமல் பாருங்கள். இடையிடையே மீன் வாய் திறப்பதுபோல் ஒரு இழுப்பு வந்தால் அதை மூச்சு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் அப்படித்தான் வரும். மூச்சில்லாதவருக்கு நெஞ்சை அமுக்கும் முறையை அடுத்த பதிலில் சொல்கிறோம். ரத்தம் பீறிட்டால் மடித்த துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காமல் முழுசாகப் பத்து நிமிடம் அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள்.

கூட்டத்தைப் பார்த்து "யாராவது 108-க்கு அடிங்க" என்றால் பெரும்பாலும் யாரும் அடிக்க மாட்டார்கள். ஒருவரைக் கை காட்டி, "நீல சட்டை அண்ணே, நீங்க 108-க்கு அடிச்சிட்டு எங்கிட்ட வந்து சொல்லுங்க" என்று சொல்ல வேண்டும். நம் பக்கம் ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர் இருக்கும். அதனால் ஊர்ப் பெயரோடு பக்கத்துப் பெரிய ஊர், குருசடியோ கோயிலோ பள்ளிக்கூடமோ ஒரு அடையாளம், எத்தனை பேருக்கு அடி, மூச்சு இருக்கிறதா, இவ்வளவையும் சொல்லச் சொல்லுங்கள். 108-ல் பேசுபவர் வைக்கும்வரை நீங்கள் போனை வைக்கக் கூடாது. ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்தால் கைகள் காலியாக இருக்கும். மெயின் ரோட்டுச் சந்திப்பில் ஒருவர் நின்று வண்டிக்கு வழி காட்டினால் எவ்வளவோ நேரம் மிச்சம்.

கடலில் இருந்து எடுத்தவரைக் கவிழ்த்துப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். இது சரியா?
— வாசகர், முட்டம்

சரியில்லை. அதைவிடக் கெடுதல் வேறு இல்லை என்றே சொல்வோம். அமுக்கினால் வெளியே வருவது வயிற்றில் உள்ள தண்ணீரும் சாப்பாடும்தான். மயங்கிக் கிடப்பவருக்கு அது நேராக மூச்சுக்குழலில் இறங்கும். நுரையீரலுக்குள் போன தண்ணீரோ பெரும்பாலும் கொஞ்சம்தான், அதைப் பிழிந்து எடுக்கவும் முடியாது. தலைகீழாகத் தூக்குவது, தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது எல்லாம் இதே வகைதான். நீரில் மூழ்கியவரின் இதயம் ஆக்சிஜன் கிடைக்காமல்தான் நிற்கிறது. அவருக்கு உடனே வேண்டியது காற்று.

ஈர மணல் இறுகிக் கிடக்கும் இடத்தில், அலை எட்டாத தூரத்தில், கரைக்கு இணையாக மல்லாக்கப் படுக்க வையுங்கள். சரிவுக்குக் குறுக்கே போட்டால் தலை மேலோ கீழோ போய்விடும். மூச்சு இல்லையென்றால் தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். ஒவ்வொரு ஊதலும் சுமார் ஒரு விநாடி, நெஞ்சு எழும்பும் அளவுக்கு. நெஞ்சு எழவில்லை என்றால் தலை சரியாகச் சாயவில்லை என்று பொருள். பலமாக ஊதுவதால் பயனில்லை, காற்று வயிற்றுக்குள் போய் வாந்திதான் வரும். வாயில் வெள்ளை நுரை வந்துகொண்டே இருக்கும். அதைத் துடைத்துக்கொண்டு உட்காராமல் மேலேயே ஊதுங்கள். வாந்தி வந்தால் மட்டும் ஒருக்களித்துத் திருப்பி வழித்துவிட்டுத் தொடருங்கள்.

பிறகு நெஞ்சின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மறு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் அமுக்குங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். ஒவ்வொரு அமுக்கலுக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக எழும்ப விட வேண்டும், இல்லையென்றால் இதயத்தில் ரத்தம் நிறையாது. 30 அமுக்கலுக்கு 2 ஊதல். மணல் மென்மையாக இருந்தால் அமுக்குவது மணலுக்குள் போய்விடும், இறுகிய மணலைத் தேடச் சொன்னது அதற்காகத்தான். இரண்டு நிமிடத்தில் கை தளர்ந்து ஆழம் குறைந்துவிடும், அமுக்குபவருக்கே அது தெரியாது. ஆகவே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். விலா எலும்பு முறியும் சத்தம் கேட்டால் கையின் இடத்தைச் சரிபார்த்துவிட்டுத் தொடருங்கள். எலும்பு பிறகு கூடிக்கொள்ளும். ஊத முடியாதவர் அமுக்கலையாவது விடாமல் செய்ய வேண்டும்.

எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வரலாம்.

காப்பாற்றக் குதிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூழ்குபவர் கைக்கு எட்டும் எதையும் பிடித்து அமுக்குவார், நீந்தத் தெரிந்தவர்களும் இப்படித்தான் சேர்ந்து போகிறார்கள். மூடி இறுக்கிய காலி கேன், கயிறு, நீண்ட கம்பு, மட்டையோடு கூடிய தென்னை ஓலை, எது கிடைக்கிறதோ அதை எறியுங்கள் அல்லது நீட்டுங்கள். கயிற்றில் காலி கேனைக் கட்டிவைத்தால் வீச எளிது. காற்று இல்லாமல் வெயில் அடிக்கும் நாளிலும் நம் கரையில் பெரிய அலை வரும். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயலின் அலை அது, கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். எச்சரிக்கை உள்ள நாளில் முழங்கால் ஆழமும் ஆபத்து.

விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறோம். பாம்பு கடித்தால் தோட்டத்திலேயே என்ன செய்யலாம்? கயிறு கட்டலாமா?
— வாசகி, குலசேகரம்

கட்டக் கூடாது. இறுக்கிக் கட்டினால் கீழே ரத்த ஓட்டம் நின்று தசை சாகும். விரியன் விஷம் தசையை அழிக்கும் தன்மையுள்ளது, அதைக் கட்டு ஒரே இடத்தில் தேக்கி வைக்கும். ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் மொத்தமாக உடம்பில் ஏறி நிலைமை சட்டென்று மோசமாகும். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். விரியன் கடியில் ரத்தம் உறையாது. அந்த நேரத்தில் பிளேடு வைத்தால் அந்தக் கீறலே நிற்காமல் ஒழுகும்.

கடிபட்டவரை அங்கேயே உட்கார வையுங்கள் அல்லது படுக்க வையுங்கள். நடந்தால் தசை இயங்கி விஷம் வேகமாகப் பரவும். மெட்டி, மோதிரம், கொலுசு, காப்பு, செருப்பு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீக்கம் ஏறிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கால் எலும்பு முறிந்தால் எப்படி அசையாமல் வைப்போமோ, அதே மாதிரி ஒரு பலகையோ கம்போ வைத்துத் துண்டால் தளர்வாகக் கட்டுங்கள், கட்டுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். கடித்த நேரத்தைப் பார்த்து வையுங்கள். ஒரு நாற்காலியிலோ, இரண்டு கம்பில் கட்டிய வேட்டித் தூளியிலோ ரோடு வரை தூக்கி வாருங்கள். வண்டி வர வழியில்லாத இடமென்றால் பைக்கில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடிப்பவருக்கும் நடுவில் உட்கார வைத்துக் கொண்டு போகலாம், காத்திருப்பதைவிட அது மேல். வாந்தி எடுத்தாலோ எச்சில் ஒழுகினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

பாம்பைத் துரத்தி அடிக்கப் போகாதீர்கள், இரண்டாவது ஆளும் கடிபடுவார். எட்ட நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மலையோரத் தோட்டங்களில் குழிவிரியன் கடியும் உண்டு. அந்த மருந்து அதற்கு வேலை செய்யாது, வீக்கத்தையும் ரத்தப்போக்கையும் பார்த்து டாக்டர் வேறு வகையில் கவனிப்பார். அதனால் படம் இருந்தால் உதவும்.

கட்டுவிரியன் கடி வலிக்காது, வீங்காது. ராத்திரி தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார், கண் இமை தொங்கும், பேச்சு குழறும். கடித்த தடமே தெரியாமல் இருக்கும். இந்த அடையாளங்களைக் கண்டால் வயிற்றுவலி மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சுவாசத் தசை அடுத்துத் தளரும். மூச்சுக்கருவி உள்ள ஆஸ்பத்திரி வேண்டும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கா, பக்கத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரியில் முதல் மருந்து போட்டுவிட்டு அங்கேயா என்பதை 108-ல் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வெட்டுக்குப் போகும்போது முழங்கால் வரை பூட்ஸும் தலையில் நல்ல லைட்டும் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

திருக்கை முள் குத்தினால் வலி உயிர் போகிறது. மீன்பிடிப்பவர்கள் சுண்ணாம்பு தடவுகிறார்கள்.
— வாசகர், குளச்சல்

சுண்ணாம்பு வேண்டாம், வெந்நீர் போதும். திருக்கை, கடல் கெளுத்தி போன்றவற்றின் விஷம் சூட்டில் சிதையும். பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், குத்திய கையையோ காலையோ 30 முதல் 90 நிமிடம் முக்கி வையுங்கள். ஆறினால் மாற்றுங்கள். குத்துப்படாத கையை முதலில் நனைத்துச் சூடு பாருங்கள். வலியில் இருப்பவருக்குக் கொதிநீர் தெரியாமல் தோல் வெந்துபோகும். முள்ளின் துண்டு உள்ளே நிற்கும், டெட்டனஸ் தடுப்பூசியும் வேண்டும், ஆகவே வலி அடங்கினாலும் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தி நிற்கும் முள்ளைப் பிடுங்கவே கூடாது. அதுவே அங்கே அடைப்பாக நிற்கிறது, பிடுங்கினால் ரத்தம் பாயும். அதை அசையாமல் துணி சுற்றி அணைத்துக் கட்டி அனுப்புங்கள்.

ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட் தெறித்துவிட்டால்? அமோனியா ஊற்றினால் முறியும் என்கிறார்கள்.
— வாசகர், அருமனை

ஷீட் அடிப்பதற்குப் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட்டைச் சொல்கிறீர்கள். அமோனியா அதன் மேல் பட்டால் வேதிவினையில் சூடு பிறக்கும், புண் இரட்டிப்பாகும். சோடாமாவுக்கும் இதே கதைதான். தண்ணீர், தண்ணீர், தண்ணீர் மட்டும். தெறித்த சட்டை, வேட்டியை முதலில் அவிழ்த்துப் போடுங்கள், நனைந்த துணி தோலை அரித்துக்கொண்டே இருக்கும். ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். வாளித் தண்ணீரில் முக்கினால் ஆசிட் அங்கேயே சுற்றும், குழாயோ ஹோஸோ வேண்டும்.

கண்ணில் பட்டால் இமையை விரலால் அகலத் திறந்து, பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கத் தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே வழியும்படி 30 நிமிடம் ஊற்றுங்கள். நல்ல கண்ணுக்குள் போகக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் பாட்டில் தண்ணீரால் ஊற்றிக்கொண்டே போகலாம். உள்ளங்கை அளவுக்கு மேல் வெந்தாலோ, நெடி மூச்சில் ஏறி இருமினாலோ காத்திருக்க வேண்டாம். ஃபார்மிக் ஆசிட் தோல் வழியே ரத்தத்திலும் ஏறும். கலக்கும்போது தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது, தெறிக்கும்.

தீ, எண்ணெய், கஞ்சித் தண்ணீர் கொட்டியதற்கும் 20 நிமிடக் குழாய்த் தண்ணீர்தான். டூத்பேஸ்ட், மஞ்சள், இங்க், தேன் என்று பூசினால், புண் எவ்வளவு ஆழம் என்று பார்க்க டாக்டர் அதைச் சுரண்ட வேண்டியிருக்கும். அப்போது கத்துவது நோயாளிதான்.

தென்னையிலிருந்து விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கலாமா?
— வாசகர், தக்கலை

இரண்டுமே கூடாது. உயரத்திலிருந்து விழுந்தவருக்கு முதுகெலும்பு உடைந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். உடைந்த எலும்பு அசைந்தால் உள்ளே உள்ள நரம்புக்கற்றையை நசுக்கும், அதற்குப் பிறகு கால் வராது. தலையையும் கழுத்தையும் உங்கள் இரு கைகளால் அசையாமல் பிடித்துக்கொண்டு, "அசையாதீங்க, ஆம்புலன்ஸ் வருது" என்று பேசிக்கொண்டே இருங்கள். விரலை அசைக்கச் சொல்லுங்கள், உணர்ச்சி உண்டா என்று கேளுங்கள், அதைக் குறித்து வைத்து ஆம்புலன்ஸ் ஊழியரிடம் சொல்லுங்கள். வாந்தி வந்தால் மட்டும் நாலு பேர் சேர்ந்து, தலை, தோள், இடுப்பு, கால் ஒரே சட்டமாக ஒருவர் எண்ணிக்கைக்குத் திருப்புங்கள். மூச்சே நின்றிருந்தால் கழுத்தைப் பற்றி யோசித்து நேரம் கடத்தாமல் நெஞ்சை அமுக்குங்கள். பைக் விபத்தில் மூச்சு சரியாக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். மூச்சு வழியை அது அடைக்கிறது என்றால் இருவர் சேர்ந்து, ஒருவர் கழுத்தைப் பிடிக்க, மற்றவர் மெதுவாக உருவலாம்.

தேங்காய் பறிக்கும் இரும்பு அல்லது அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டிருந்தால் கிட்டவே போகாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி லைனை நிறுத்திவிட்டு அணுகுங்கள். வீட்டுக்குள் ஷாக் என்றால் மெயின் சுவிட்ச்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து வைத்தால் நிற்குமா?
— வாசகி, களியக்காவிளை

நிற்காது. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும், சாவிக்கு அந்தப் பேர் கிடைத்துவிட்டது. தலைக்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, சுற்றியுள்ள பொருள்களை அகற்றி, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டியோ விரலோ நுழைக்காதீர்கள். நின்றதும் ஒருக்களித்துப் போடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், நினைவு திரும்பாமல் மறுபடி வந்தால், கர்ப்பிணியாக இருந்தால், முதல்முறை வலிப்பு என்றால் 108.

ரோட்டில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமே?
— வாசகர், மார்த்தாண்டம்

பழைய பயம். உதவுபவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-ல் அங்கீகாரம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. நல்ல எண்ணத்தில் உதவியவர் மேல் வழக்கு போட முடியாது, பெயர், விலாசம் சொல்லுமாறு கட்டாயப்படுத்த முடியாது, சாட்சியாகச் சொல்ல விரும்பினால் சொல்லலாம். ஆஸ்பத்திரியும் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் விபத்துக்குப் பிறகு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காயமடைந்தவர் செலவழிக்க வேண்டியதில்லை, அரசு ஏற்கும் வரம்பு தொடக்கத்தில் 1 லட்ச ரூபாயாக இருந்தது. சட்டத்தை எடுத்துக்காட்டி வாதாட வேண்டிய நிலை வந்தாலும் அது பிறகுதான், முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள்.

வீட்டிலும் ஆட்டோவிலும் வைக்க முதலுதவிப் பெட்டியில் என்னென்ன இருக்கலாம்?
— ஆட்டோ ஓட்டுநர், தோவாளை

விற்பனைக்கு வரும் பெட்டிகளில் பஞ்சும் டிஞ்சரும் நிறைந்திருக்கும், தேவையானது இருக்காது. பஞ்சு காயத்தில் ஒட்டிக்கொள்ளும், பிய்க்கும்போது ரத்தம் மறுபடி வரும். ஸ்டெரைல் காஸ் (கிருமி நீக்கிய வலைத்துணி) 10 சென்டிமீட்டர் சதுரத்தில் பத்து, காஸ் உருளை நான்கு, 10 சென்டிமீட்டர் கிரேப் பேண்டேஜ் இரண்டு, முக்கோணத் துணி இரண்டு (பழைய வேட்டியைக் கிழித்தாலும் ஆகும்), கையுறை நாலு ஜோடி, முனை மழுங்கிய கத்தரி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு, டார்ச், பேனா, ஒரு சிறு நோட்டு. மருந்தென்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். கிரேப் பேண்டேஜின் இழுவை வெயிலில் தளரும், ஆட்டோ டேஷ்போர்டில் வைத்தால் ஒரே கோடையில் வீணாகும். சீட்டுக்கடியில் வையுங்கள்.

கை, கால் துண்டானது போன்ற பெரும் ரத்தப்போக்கில் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மட்டும், காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டில் படாமல், 4 சென்டிமீட்டர் அகலத் துணியைக் கட்டிக் குச்சி வைத்து முறுக்குங்கள். கம்பி, நைலான் கயிறு போன்ற ஒல்லியானது தசையை வெட்டும். கட்டிய நேரத்தை நெற்றியில் பேனாவால் எழுதிவிடுங்கள், நீங்களாக அவிழ்க்காதீர்கள்.

எங்கே கற்கலாம்? ஒருமுறை கற்றால் போதுமா?
— வாசகி, குழித்துறை

இந்திய செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் பயிற்சி நடத்துகின்றன. பொம்மை மேல் கை வைத்து அமுக்கிப் பார்க்காத பயிற்சியை எடுத்துக் காசு வீணாக்காதீர்கள். ஆழம், வேகம் இரண்டும் கையில்தான் பதியும், படம் பார்த்து வராது. கற்ற சில மாதங்களிலேயே அது மங்கத் தொடங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு அரை மணி நேரம் போய் மறுபடி அமுக்கிப் பாருங்கள். சேரும்போது எத்தனை பேருக்கு ஒரு பொம்மை என்று கேளுங்கள். ஆறு பேருக்கு மேல் என்றால் வேறு வகுப்பைத் தேடுங்கள்.